காசியில் பிச்சை போட்டது குற்றமா? வாசகர் கேள்விக்கு வழக்கறிஞர் பதில்

மயிலாடுதுறைப் பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். மனைவி, மகன், மருமகளோடு காசியில் ஐந்து நாள் தங்கிவிட்டு வந்து இரண்டு வாரம் ஆகிறதாம். கங்கையும் விசுவநாதரும் கண்ணில் நின்ற அளவுக்கு, நீட்டிய கைகளும் நிற்கின்றன என்கிறார்.

கோதௌலியாவிலிருந்து தசாஸ்வமேத படித்துறைக்கு நடக்கும்போது, எட்டு வயதுகூட நிரம்பாத ஒரு சிறுமி இடுப்பில் கைக்குழந்தையோடு அவர் மனைவியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்திருக்கிறாள். அத்தனை ஹாரன் சத்தத்திலும் கைக்குழந்தை கண் திறக்கவில்லை. மறுநாள் மாலை அதே கைக்குழந்தை, அதே மஞ்சள் குல்லாவோடு வேறொரு பெண்ணின் தோளில் கிடந்ததைப் பார்த்திருக்கிறார். இன்னொரு நாள் ஒரு பெண் "காசு வேண்டாம், பிள்ளைக்குப் பால் பவுடர் வாங்கிக் கொடுங்கள்" என்று கேட்டு, அவளே ஒரு கடைக்குக் கூட்டிப்போக, இவர் யுபிஐ மூலம் 650 ரூபாய் கட்டியிருக்கிறார். அரை மணி கழித்து அதே வழியாகத் திரும்பியபோது டின் மறுபடி கடை அலமாரியில் ஏறிக்கொண்டிருந்தது. பிணம் எரிக்கும் மணிகர்ணிகா படித்துறையில் ஒருவர், ஏழைப் பிணங்களுக்கு விறகு வாங்க என்று சொல்லி 2,000 ரூபாய் கேட்டிருக்கிறார். கடைசி நாள், கேதார் படித்துறையில் அலுமினியத் தட்டோடு உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி, இவர்கள் பேசுவதைக் கேட்டுவிட்டு, "எந்த ஊரு தம்பி?" என்று தமிழில் கேட்டிருக்கிறார். மூன்று வருஷத்துக்கு முன் மகன் கூட்டிவந்து விட்டுவிட்டுப் போனதாகவும், வீட்டை அவன் பேருக்கே எழுதிக் கொடுத்துவிட்டதாகவும் சொன்னாராம்.

மகன் இவற்றையெல்லாம் படம்பிடித்து, "காசியில் பிச்சை மாஃபியா" என்று தலைப்பு வைத்து இணையத்தில் ஏற்றியிருக்கிறார். பிச்சை போட்டால் இப்போது போலீஸ் வழக்குப் போடுகிறதாமே, நாங்கள் செய்தது குற்றமா? அந்தக் குழந்தைக்கு இனி ஏதாவது செய்ய முடியுமா? 650 ரூபாய்க்குப் புகார் கொடுக்கலாமா? பாட்டியை ஊருக்குக் கூட்டிவந்துவிடலாமா? இவைதான் அவருடைய கேள்விகள்.

ஐயா, உங்கள் கடிதத்தில் ஐந்து இடத்தில் "மாஃபியா" என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் பார்த்தவர்கள் எல்லாரையும் அந்த ஒரே சொல்லுக்குள் போட்டுவிட்டதால்தான் என்ன செய்வதென்று புரியாமல் தவிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். சட்டத்தின் கண்ணில் சிறுமி வேறு, பால் பவுடர் கேட்டவள் வேறு, பாட்டி வேறு. ஒவ்வொருவருக்கும் தனிச் சட்டம், தனிக் கதவு இருக்கிறது. நீங்கள் பார்க்காமல் கடந்துபோன வயதுவந்த பிச்சைக்காரர்களுக்கும் ஒன்று இருக்கிறது.

போட்டது குற்றமா?

இந்தியா முழுமைக்கும் பொருந்தும் பிச்சை ஒழிப்புச் சட்டம் என்று ஒன்று இல்லை. மாநிலத்துக்கு மாநிலம் தனிச் சட்டம்தான். தமிழ்நாட்டில் 1945ஆம் ஆண்டுச் சட்டம், உத்தரப் பிரதேசத்தில் 1975ஆம் ஆண்டுச் சட்டம். பல மாநிலங்கள் பின்பற்றிய முன்மாதிரி 1959ஆம் ஆண்டின் பம்பாய்ச் சட்டம். அது பிச்சை எடுப்பவரையும் எடுக்கவைப்பவரையும் தண்டிக்கிறது, போடுகிறவரைத் தொடுவதில்லை. திரும்பத் திரும்பப் பிடிபட்டவரைப் பத்து ஆண்டுவரை அடைத்துவைக்க அதில் இடமிருந்தது. தில்லிக்கும் நீட்டிக்கப்பட்டிருந்த அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை 2018 ஆகஸ்ட் 8 அன்று தில்லி உயர் நீதிமன்றம் செல்லாது என்று அறிவித்தது. வயிற்றுக்கு வேறு வழியில்லாமல் கை நீட்டுகிறவனைக் குற்றவாளி ஆக்குவது அரசியல் சாசனம் தரும் உயிர்வாழும் உரிமைக்கு விரோதம் என்பது தீர்ப்பின் சாரம். 2021 ஜூலையில், கொரோனாவைக் காரணம் காட்டித் தெருக்களில் பிச்சையைத் தடைசெய்யக் கேட்டபோது, அப்படியொரு மேட்டுக்குடிப் பார்வையை எடுக்க மாட்டோம் என்று உச்ச நீதிமன்றமும் மறுத்துவிட்டது.

நீங்கள் கேள்விப்பட்ட செய்தி பொய்யில்லை. அது காசியைப் பற்றியது இல்லை, அவ்வளவுதான். மத்தியப் பிரதேசத்து இந்தூரில் 2025 ஜனவரியிலிருந்தும் போபாலில் அதற்கடுத்த மாதத்திலிருந்தும் பிச்சை போடுவதற்கே மாவட்ட நிர்வாகம் தடை போட்டது. இந்தூரில் கோயில் வாசலில் பத்து ரூபாய் போட்ட ஒருவர்மீது எஃப்.ஐ.ஆர். பதிவானது. இதற்கென்று தனிச் சட்டம் எதுவும் கிடையாது. குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 163ஆம் பிரிவில் ஆட்சியர் உத்தரவு போடுகிறார். அதை மீறினால் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 223ஆம் பிரிவில் வழக்கு. தண்டனை ஆறு மாதம் வரை சிறை அல்லது 2,500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உயிருக்கோ பொது அமைதிக்கோ ஆபத்து வந்தால் இன்னும் கூடும். அந்த உத்தரவுக்கு ஆயுள் இரண்டு மாதம்தான். மாநில அரசு நீட்டித்தால் மேலும் ஆறு மாதம். எனவே அடுத்த முறை எந்த ஊருக்குப் போனாலும், தங்கும் இடத்தில் இறங்கியதும் "இங்கே அப்படி உத்தரவு ஏதாவது நடப்பில் இருக்கிறதா?" என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டால் போதும்.

மஞ்சள் குல்லா

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் உறுத்தியது இதுதான். குழந்தைக்கு மயக்க மருந்து கொடுத்திருப்பார்கள் என்று உறுதியாக எழுதியிருக்கிறீர்கள். கொடுத்திருக்கலாம். போதைப் பொருளோ மதுவோ குழந்தைக்குக் கொடுத்தால் இளைஞர் நீதிச் சட்டம் 2015இன் 77ஆம் பிரிவில் ஏழு ஆண்டுவரை கடுங்காவல் உண்டு. ஆனால் பசியிலும், நீர்ச்சத்து வற்றிய வெயில் அயர்ச்சியிலும், காய்ச்சலிலும்கூடக் கைக்குழந்தை துவண்டு கிடக்கும். ஒரே குழந்தை இரண்டு பெண்கள் கையில் இருந்ததும் அப்படித்தான். வாடகைக்கு எடுத்ததாக இருக்கலாம்; சித்தியும் அத்தையுமாக மாற்றி மாற்றித் தூக்குவதாகவும் இருக்கலாம். எது உண்மை என்று தெருவில் நின்று கண்டுபிடிக்கும் வேலை உங்களுடையது அல்ல. சட்டம் அந்தச் சுமையை உங்கள்மேல் வைக்கவே இல்லை. சட்டப்படி காப்பாளர் அல்லாத ஒருவர் குழந்தையை வைத்துப் பிச்சை எடுத்தால், கடத்தி வந்ததாகவே நியாய சன்ஹிதாவின் 139ஆம் பிரிவு அனுமானிக்கிறது; அப்படி இல்லை என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும். பிச்சைக்காகக் குழந்தையைக் கடத்தினால் பத்து ஆண்டிலிருந்து ஆயுள்வரை தண்டனை. அதற்காக உறுப்பைச் சிதைத்தால் குறைந்தது இருபது ஆண்டு. பஞ்சாப் அரசு 2025 ஜூலையில், பெரியவர்களோடு பிச்சை எடுக்கும் குழந்தைகளுக்கு மரபணுச் சோதனை செய்யச் சொன்னது இந்தச் சந்தேகத்தைத் தீர்க்கத்தான்.

சொந்தத் தாயோடு இருந்தாலும் பிச்சை எடுக்கும் குழந்தை "பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை" என்பது இளைஞர் நீதிச் சட்டத்தின் 2(14). போலீஸ் பிடித்தால் சிறையில் போடுவார்கள் என்று உங்கள் மனைவி பயந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அப்படி இல்லை. 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். 15 நாளில் குடும்பச் சூழல் பற்றிய சமூக விசாரணை அறிக்கை, நான்கு மாதத்துக்குள் இறுதி முடிவு. இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழி என்பதும் சட்டத்தின் கொள்கைதான். ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும்: குழந்தையை வைத்துப் பிச்சை எடுப்பதற்கு 76ஆம் பிரிவில் ஐந்து ஆண்டுவரை தண்டனை இருக்கிறது. வறுமையில் தவிக்கும் பெற்ற தாய்மேலேயே அது பாயக்கூடும். அதற்குப் பயந்து சொல்லாமல் விடுவதைவிட, பார்த்ததை மட்டும் சொல்லி, "மாஃபியா", "கடத்தல்" என்ற முடிவுகளைச் சேர்க்காமல் இருப்பது நல்லது.

இப்போதும் நேரம் போய்விடவில்லை. குழந்தைகள் உதவி எண் 1098இல் கூப்பிடுங்கள். நீங்கள் தமிழ்நாட்டிலிருந்து பேசுவதால் முதல் வாக்கியத்திலேயே "வாராணசி, உத்தரப் பிரதேசம்" என்று சொல்லிவிடுங்கள். பிறகு வரிசையாக:

- எந்தச் சந்திப்பு, எந்தக் கடைக்கு எதிரே, எந்தத் தேதி, எத்தனை மணி.
- சிறுமியின் சுமார் வயது, உடை, காயமோ தழும்போ இருந்ததா.
- கைக்குழந்தையின் நிலை: கண் திறக்கவில்லை, அழவில்லை, மஞ்சள் குல்லா. மறுநாள் தூக்கியிருந்த பெண்ணின் அடையாளம்.
- தள்ளி நின்று காசை வாங்கிக்கொண்ட பெரியவர் யாராவது இருந்தால் அவர் எந்தப் பக்கம் போனார்.

இதையே எழுதி வாராணசி மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு அனுப்புங்கள். மகனிடம் உள்ள வீடியோவின் மூலப் பிரதியை அவர்களிடம் மட்டும் கொடுங்கள்.

இனி ஒருமுறை இப்படிப் பார்த்தால் அந்த இடத்திலிருந்தே கூப்பிடுங்கள். அவசர உதவி எண் 112ம் உண்டு, ரயிலிலோ ரயில் நிலையத்திலோ என்றால் ரயில்வே உதவி எண் 139. ஆனால் குழந்தையை நீங்களே கையைப் பிடித்துக் கூட்டிப் போகாதீர்கள். பொதுநலம் கருதும் யாரும் குழந்தையைக் குழுவின் முன் நிறுத்தலாம் என்று இளைஞர் நீதிச் சட்டத்தின் 31ஆம் பிரிவு சொல்வது உண்மை. மொழி தெரியாத ஊரில் அழும் குழந்தையோடு நடக்கும் வெளியூர்க்காரர் கூட்டத்தின் கண்ணுக்குப் பிள்ளை பிடிக்கிறவராகத்தான் தெரிவார். 2018 மே மாதம் நம் போளூர் பக்கத்தில், குலதெய்வக் கோயிலுக்குப் போன வழியில் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்த ஒரு மூதாட்டியை ஊரார் அடித்தே கொன்றார்கள். அதை மறக்க வேண்டாம்.

குழந்தை கையில் காசு மட்டும் போடாதீர்கள். அன்றன்றைக்கு வருமானம் வரும்வரை அந்தப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப யாருக்கும் மனம் வராது. பசி என்று தோன்றினால், அங்கே காலையில் எந்தச் சந்திலும் கிடைக்கும் கச்சோரியும் சப்ஜியும் தொன்னையில் வாங்கி, உங்கள் கண்ணெதிரே சாப்பிடச் சொல்லுங்கள். பிரித்த உணவைத் திரும்ப விற்க முடியாது.

பால் பவுடரும் விறகும்

பால் பவுடர் வேலை சுற்றுலா ஊர்கள் பலவற்றில் ஒரே அச்சில்தான் நடக்கிறது. காசை மறுப்பதால் நம்பிக்கை வருகிறது. கடையை அவளே காட்டுகிறாள். பெரிய டின்னை அவளே எடுக்கிறாள். நீங்கள் தெருமுனை திரும்பியதும் சீல் உடையாத டின் கடைக்குத் திரும்பும். பணத்தைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். அதில் கடைக்காரருக்கும் பங்கு போகிறது என்பதை மறந்துவிட்டு அந்தப் பெண்ணின்மேல் மட்டும் கோபப்படுகிறீர்கள். டின்னை உடைத்துக் கொடுக்கலாமே என்று கேட்பீர்கள். அதையும் செய்யாதீர்கள். சுத்தமில்லாத தண்ணீரில், கொதிக்கவைக்காத பாட்டிலில் கரைத்த பவுடர் கைக்குழந்தைக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கிவிடும். காசை மிச்சம்பிடிக்க நீர்க்கக் கரைத்தால் சத்துக்குறைவு வேறு. குழந்தைகளுக்கான பால் மாற்றுப் பொருள்களை அனாதை இல்லங்களைத் தவிர வேறு யாருக்கும் தானம் தரக் கூடாது என்று 1992ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. அது நிறுவனங்களின் விற்பனைத் தந்திரத்தை மனத்தில் வைத்து எழுதியது, நீங்கள் பயப்பட வேண்டாம். தாய்க்கு வயிறாரச் சோறு வாங்கிக் கொடுத்தால் அதுதான் பிள்ளைக்குப் பால்.

புகார் கொடுக்கலாமா என்றால், கொடுக்கலாம். ஏமாற்றுதலுக்கு நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவு இருக்கிறது. எந்தக் காவல் நிலையத்திலும் எல்லை பார்க்காமல் புகாரைப் பதிய வேண்டும் என்று சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு சொல்வதால் மயிலாடுதுறையிலேயே கொடுக்க முடியும். ஆனால் டின் திரும்பப் போனதற்கு உங்கள் கண்ணைத் தவிர சாட்சி இல்லை. வாராணசி நீதிமன்றத்துக்கு அலைய வேண்டி வரும். 650 ரூபாய்க்கு அது ஆகிற காரியமில்லை. வேறொன்று செய்யுங்கள். யுபிஐ ரசீதில் கடையின் பெயரும் நேரமும் இருக்கும். அதே வகை டின்னில் அச்சிட்ட அதிகபட்ச விலை எவ்வளவு என்று பாருங்கள். உங்களிடம் அதைவிடக் கூடுதலாக வாங்கியிருந்தால் அது தனிக் குற்றம்; 1915 நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லிவிடலாம். சம்பந்தப்படுவது கடைக்காரர் மட்டும், அந்தப் பெண்ணைத் தேடிக் காவலர் போக மாட்டார்.

மணிகர்ணிகா விறகு விஷயத்தில் பணம் தராமல் வந்தது சரி. படித்துறையில் வழிமறிப்பவர் "முதியோர் இல்லத் தொண்டர்" என்று சொன்னாலும் ரசீது இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டியதில்லை. அன்னதானம் செய்ய ஆசை என்றால் அன்னபூரணி கோயிலின் அன்னக்ஷேத்திரத்தில் கட்டி ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

படிகளில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் வயதுவந்தவர்களுக்குப் போடுவதும் போடாததும் உங்கள் மனசு. போடுவதென்றால் சில்லறையைத் தனிப் பையில் வைத்துக்கொண்டு, கிளம்பும் நேரத்தில், ஒவ்வொருவர் கையிலும் கொடுங்கள். ஒருவரிடம் மொத்தமாகக் கொடுத்துப் பிரித்துக்கொள்ளச் சொன்னால் அந்த இடத்திலேயே அடிதடி ஆகும். விரல் மழுங்கிய தொழுநோயாளிகளைக் கண்டு மருமகள் ஒதுங்கிப் போனதாக எழுதியிருந்தீர்கள். கூட்டுமருந்துச் சிகிச்சை தொடங்கிய கொஞ்ச நாளிலேயே அந்த நோய் பிறருக்குத் தொற்றுவது நின்றுவிடுகிறது. விரல்கள் போனது பழைய பாதிப்பு, தொற்றின் அடையாளம் இல்லை. மருந்து நாடு முழுக்க அரசு மருத்துவமனைகளில் இலவசம். அவரிடம் இதைச் சொல்லுங்கள்.

மகனின் வீடியோ

இன்றைக்கே நீக்கச் சொல்லுங்கள். பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையின் படத்தை வெளியிடக் கூடாது என்று இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு சொல்கிறது; ஆறு மாதம்வரை சிறை அல்லது இரண்டு லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். விசாரணை தொடர்பான செய்திகளுக்குத்தான் அந்தப் பிரிவு என்று வாதாட வழி இருக்கிறது. அந்த வாதத்தை நீதிமன்றத்தில் வைக்கும் நிலைக்கு உங்கள் மகன் ஏன் போக வேண்டும்? முகத்தை மங்கலாக்கினால் போதாதா என்பார். குரல், உடை, இடம் மூன்றும் சேர்ந்தால் அடையாளம் தெரிந்துவிடும். இணையத்திலிருந்து எடுக்க வேண்டும், ஆனால் மூலப் பிரதியை அழித்துவிடக் கூடாது. மேலே சொன்ன புகாருக்கு அது தேவை.

கேதார் படித்துறைப் பாட்டி

போய்க் கூட்டிவந்துவிடலாம் என்று நீங்களும் உங்கள் மனைவியும் முடிவே செய்துவிட்டதுபோல் எழுதியிருக்கிறீர்கள். அந்த ஈரம் உங்களுக்கு இருப்பதால்தான் இந்தக் கடிதமே வந்தது. ஆனாலும் டிக்கெட் எடுக்குமுன் அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று பாக்கி: "பாட்டி, ஊருக்கு வர இஷ்டமா?" காசியிலேயே உயிர் போக வேண்டும் என்று வந்து இருப்பவர்கள் பல தலைமுறையாக உண்டு. விட்டுவிட்டுப் போனது மகனாக இருந்தாலும், இப்போது அங்கேயே இருக்க அவர் விரும்பினால் அது அவருடைய உரிமை. உங்களிடம் அவர் வருகிறேன் என்று சொன்னதாகக் கடிதத்தில் இல்லை. எந்த ஊர் என்று கேட்டார், நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான்.

கேட்டுச் சொல்ல ஆள் வேண்டும். குமரகுருபரர் நிறுவிய குமாரசாமி மடம் அந்தப் படித்துறையிலேயே இருக்கிறது. இப்போது அதன் தலைமையிடமாக இருக்கும் திருப்பனந்தாள் காசி மடம் உங்கள் ஊரிலிருந்து எட்டிப்போகும் தூரம். அங்கே நேரில் போய், காசியில் தமிழ் தெரிந்த ஒருவர் பாட்டியைப் பார்த்து வர முடியுமா என்று விசாரியுங்கள். கூடவே 14567 என்ற முதியோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். வாராணசியில் களத்துக்கு ஆள் அனுப்பிப் பார்க்கச் சொல்லலாம்.

பாட்டியிடம் தெரிந்துகொள்ள வேண்டியவை: முழுப்பெயர், கணவர் பெயர், கிராமம், மகன் இப்போது இருக்கும் இடம், வீட்டை எந்த ஆண்டு எந்தச் சார்பதிவாளர் அலுவலகத்தில் எழுதினார், ஆதார் யாரிடம் இருக்கிறது. ஆதார் எண் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. ஊரும் ஆண்டும் கிடைத்தாலே வில்லங்கச் சான்று போட்டுப் பத்திர எண்ணை எடுத்துவிடலாம்.

இனி அவருடைய உரிமைகள். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007 அவருக்காகவே இருக்கிறது. பராமரிப்பில் இருக்கும் மூத்த குடிமகனைக் கைவிடும் நோக்கத்தோடு எங்காவது விட்டுவிட்டு வருவது 24ஆம் பிரிவில் குற்றம். மூன்று மாதம்வரை சிறை அல்லது 5,000 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். அதைவிடப் பயன் தருவது பராமரிப்புத் தொகை. பாட்டியே மனு கொடுக்கலாம். முடியாவிட்டால் அவர் அதிகாரம் அளிக்கும் வேறொருவர், அதாவது நீங்களே கொடுக்கலாம். அவர் வசிக்கும் இடத்திலோ, கடைசியாக வசித்த ஊரிலோ, மகன் இருக்கும் ஊரிலோ மனு போடலாம் என்பதால் காசிக்கு அலைய வேண்டாம். நம் ஊரில் கோட்டாட்சியர்தான் தீர்ப்பாயம். வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லாதபடியே அந்தச் சட்டம் எழுதப்பட்டிருக்கிறது. மகனுக்கு நோட்டீஸ் சேர்ந்து 90 நாளில் முடிவு வர வேண்டும். தவிர்க்க முடியாவிட்டால் இன்னும் 30 நாள்.

வீட்டுப் பத்திரம்தான் சிக்கலான இடம். இந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தபின் எழுதிய செட்டில்மெண்ட் பத்திரமாக இருந்து, பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுக்கப்பட்டிருந்தால், 23ஆம் பிரிவில் அதை ரத்து செய்யக் கேட்கலாம். "நிபந்தனை பத்திரத்தில் வார்த்தையாக இல்லையே" என்று மகன் தரப்பு சொல்லும். 2022இல் உச்ச நீதிமன்றமே நிபந்தனை இருந்தாக வேண்டும் என்றது. 2025 ஜனவரியில் இன்னொரு வழக்கில், முதியோரைக் காக்க வந்த சட்டத்துக்குத் தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது. எனவே பத்திர நகலைப் பார்க்காமல் பாட்டிக்கு எந்த நம்பிக்கையும் கொடுத்துவிடாதீர்கள். விற்பனைப் பத்திரமாக எழுதி வாங்கியிருந்தால் சிவில் நீதிமன்றம் போக வேண்டியிருக்கும். அதற்கும் அவர் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. சட்ட உதவி எண் 15100இல் கேட்டால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் வழியைச் சொல்வார்கள்.

ஒரு எச்சரிக்கை. மகனை நீங்களாகத் தேடிப் போய்ச் சண்டை போடாதீர்கள். அவன் பயந்துபோய் வீட்டை மூன்றாம் நபருக்கு விற்றுவிட்டால் பாட்டியின் கை இன்னும் கட்டப்பட்டுவிடும். முதலில் பத்திர நகல், அப்புறம் மனு. அதன்பிறகு தீர்ப்பாயத்தின் நோட்டீஸ் மூலமாகத்தான் அவனுக்கு விஷயம் தெரிய வேண்டும்.

அவர் வர இஷ்டம் என்று சொன்னால், தனியாக ரயிலேற்றி அனுப்பாதீர்கள். முதலில் மருத்துவரிடம் காட்டி, உள்ளூர்க் காவல் நிலையத்தில் "இவர் தன் விருப்பத்தோடு இன்னாரோடு போகிறார்" என்று எழுதிக் கொடுத்து நகல் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். நாளைக்கு மகன் வந்து உங்கள்மேலேயே புகார் சொன்னால் அந்த நகல்தான் பேசும். வரமாட்டேன் என்றால் மாதாமாதம் தொகை காசியிலேயே அவர் கைக்குச் சேரும்படி தீர்ப்பாயத்தில் கேட்கலாம். அதற்கு அவர் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு வேண்டும்.

14567 காலை எட்டு மணிக்குத் திறக்கிறது. நாளைக் காலை முதல் அழைப்பை அதற்கே போடுங்கள்; மழையும் வெள்ளமும் ஏறிவிட்டால் கேதார் படித்துறையின் கீழ்ப்படிகள் முங்கிவிடும், பாட்டி வேறெங்காவது நகர்ந்திருப்பார்.